எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவே

இங்கிலாந்தின் தென்கரையில் ஸீஃபர்டு என்ற ஊரில் வைத்தியம் பார்த்துவந்த பிரிங்கிள் மார்கன் என்பவர், 1896-ஆம் வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிச் சிறிய கட்டுரையொன்றை எழுதினார். கண்ணில் பழுதில்லாதவன், புத்தியில் சூட்டிகையானவன், 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் பிழையின்றி விரைவாகப் பெருக்கிவிடக்கூடியவன். எனினும் ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி உபாத்தியாயர்களிடமும் பயின்றும், ஓரசைச் சொற்களையே திக்கித் திணறிப் படிக்கும் நிலையைக் கடக்காமலிருந்தான். பெர்ஸி என்ற தன் பெயரை எழுதும்போதுகூட எழுத்துக்களை இடம் மாற்றிப் ‘பிரெஸி’ என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியரின் அபிப்பிராயம்.

இத்தகைய குழந்தையை எப்படிப் படிக்கவைப்பது என்பது ஒரு கேள்வி. அவன் சரளமாகப் படிக்கக் கற்கும் வரையில், அவனுடைய புத்திக்குத் தக்க அறிவை எந்த வழியில் அவனிடம் கொண்டுசேர்ப்பது என்பது வேறொரு கேள்வி. டிஸ்லெக்ஸியா என்று இன்று நாம் அழைக்கும் இந்தச் சிரமம் உள்ள குழந்தைகளுக்காகக் கைப்பேசியிலும் பலகைக் கணினியிலும் செயலிகள் பல வந்திருக்கின்றன. அவற்றை வடிவமைப்பவர்கள் முதலில் தீர்மானிக்கவேண்டியது, தங்கள் செயலி இவ்விரண்டில் எந்தக் கேள்விக்கு விடையாக வருகிறது என்பதையே என்று நான் உறுதியாக நம்புகிறேன். படிக்கக் கற்பிக்கும் செயலி, எழுத்தை ஒலியோடு பொருத்தும் சிரமத்தைக் குழந்தையிடமிருந்து எடுத்துவிடக் கூடாது. அந்தச் சிரமத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அறிவைக் கொண்டுசேர்க்கும் செயலியோ அந்தச் சிரமத்தைத்தான் முதலில் எடுத்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் மனத்தில் தெளிவாக இல்லாமல் செய்யப்படும் செயலிகள் இரண்டு காரியத்துக்கும் உதவாமல் போய்விடுகின்றன.

டிஸ்லெக்ஸியா என்ற பெயரை 1887-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் வைத்தியர். அக்காலத்து வைத்தியர்கள் பலர் இதைச் சொற்களின் உருவத்தை நினைவில் நிறுத்தும் சக்தியில் நேர்ந்த குறையாகவே கருதினார்கள். பிற்கால ஆராய்ச்சி, பெரும்பாலான குழந்தைகளிடத்தில் சிரமத்தின் வேர் பேச்சொலியைப் பகுத்தறிவதில் இருப்பதாகக் காட்டியது. நாம் பேசும்போது ஒலிகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரே ஓட்டமாக வருகின்றன. அந்த ஓட்டத்தைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து உணர்ந்தால்தான், இன்ன ஒலிக்கு இன்ன எழுத்து என்ற பந்தம் மனத்தில் ஏற்படும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கைகூடும் இந்தப் பகுப்பு, டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு வருஷக்கணக்கில் கைகூடாமல் நழுவுகிறது. அது சோம்பலன்று, புத்திக் குறைவும் அன்று.

இருந்தபோதிலும், குற்றம் கண்ணில்தான் இருக்கிறதென்ற பழைய எண்ணம் இன்னும் மறையவில்லை. அதன் காரணமாகவே செயலிகளில் பல, எழுத்தின் தோற்றத்தை மாற்றுவதிலேயே தங்கள் பிரயத்தனத்தையெல்லாம் செலவிடுகின்றன. தாமே டிஸ்லெக்ஸியா உள்ளவரான டச்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் போயர், 2008-இல், எழுத்துக்களின் அடிப்பாகம் கனத்து, ஒன்றையொன்று போலத் தோன்றாதபடி அமைந்த ஓர் எழுத்துருவைச் செய்தார். சில வருஷங்களில் அதே நோக்கத்தோடு ஓப்பன்டிஸ்லெக்ஸிக் என்ற இலவச எழுத்துருவும் வந்தது. தாம் பட்ட சிரமத்தைப் பிறர் படக் கூடாதென்று ஒருவர் செய்த பணியை மதிக்கவே வேண்டும். ஆனால் பரிசோதித்துப் பார்த்தவர்கள் கண்டது, சாதாரண எழுத்துருவிலும் அதே அளவு இடைவெளி விட்டு அச்சிட்டால் விசேஷ எழுத்துருவின் அனுகூலம் மறைந்துவிடுகிறது என்பதையே. வர்ணக் கண்ணாடிகளையும் வர்ணத் தாள்களையும் பற்றி அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் கண் வைத்தியர்களின் சங்கங்களோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுக்குப் போதிய ஆதாரமில்லை என்று தெளிவாகவே சொல்லிற்று. குழந்தை தனக்கு இதமான பின்னணி வர்ணத்தைத் தேர்ந்துகொள்ள ஒரு வசதி செய்து கொடுப்பதில் தவறில்லை. அதைச் சிகிச்சையென்று சொல்லி விற்பதுதான் தவறு. ஏனெனில் பெற்றோர் செலவழிப்பது பணத்தை மட்டுமன்று. ஆறு வயதிலும் ஏழு வயதிலும் கடந்துபோகும் காலம் அருமையானது.

தோற்றத்தில் கவனிக்கவேண்டியது இடைவெளி. 2012-இல் இத்தாலியின் பாதுவா நகரத்து ஆராய்ச்சியாளர் மார்கோ ஸோர்ஸியும் சகாக்களும், டிஸ்லெக்ஸியா உள்ள 74 இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் எழுத்துக்களுக்கிடையே சற்று அகலமாக இடம் விட்டு அச்சிட்ட வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமலே பிழைகள் பாதியாகக் குறைந்து, வேகமும் கூடிற்று. நெருக்கியடித்து நிற்கும் எழுத்துக்களில் ஒன்று மற்றொன்றை மறைப்பதுபோல் இக்குழந்தைகளுக்குத் தோன்றுவதே காரணம் என்பது அவர்களுடைய கருத்து. அடுத்த வருஷம் அமெரிக்காவில் மாத்யூ ஷ்னெப்ஸ் என்ற வான சாஸ்திரி, அவரும் டிஸ்லெக்ஸியா உள்ளவரே, சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களாகக் காட்டினால் தடுமாறுவோரில் பலருக்குப் படிப்பது இலகுவாகிறதென்று கண்டார். செயலி செய்பவர்கள் சிரமமின்றி ஏற்கக்கூடிய அனுகூலங்கள் இவை. எழுத்தைப் பெரிதாக்கவும், வரியைச் சுருக்கவும், இடைவெளியைக் கூட்டவும் குழந்தைக்கு வசதி இருக்க வேண்டும். ஆனால் இவை வழியைச் செப்பனிடுமே தவிர, நடக்கக் கற்பிக்கமாட்டா.

நடக்கக் கற்பிக்கும் முயற்சியில் நான் மிகவும் மதிப்பது பின்லாந்தில் யுவாஸ்குலா நகரத்துச் சர்வகலாசாலையில் நடந்த வேலை. பின்னிஷ் பாஷையில் நம்முடையதைப்போலவே குறிலும் நெடிலும், ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றிவிடும். ‘துலி’ என்றால் நெருப்பு, ‘தூலி’ என்றால் காற்று, ‘துல்லி’ என்றால் சுங்கம். 1990-களில் ஹெய்க்கி லூதினென் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் சகாக்களும் ஏறக்குறைய 200 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் சுமார் பாதிப்பேர், பெற்றோரில் ஒருவருக்கேனும் டிஸ்லெக்ஸியா உள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்கு ‘அத’ என்ற ஒலியையும் ‘அத்த’ என்ற ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தபோது, இத்தகைய குடும்பத்துக் குழந்தைகள் அது ‘அத்த’தான் என்று உணர்வதற்கு நடுவிலுள்ள மௌனம் இன்னும் சற்று நீளவேண்டியிருந்தது. புத்தகத்தைப் பார்ப்பதற்கும், முதல் சொல்லைப் பேசுவதற்கும் வெகுகாலம் முன்னதாகவே, பிற்காலத்துச் சிரமத்தின் சுவடு செவியில் தெரிந்துவிட்டது!

அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் கிராஃபோகேம் என்ற விளையாட்டு உருவாயிற்று. அதன் அமைப்பு மிக எளிமையானது. குழந்தை காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொள்கிறது. ஓர் ஒலி கேட்கிறது. திரையின் மேலிருந்து எழுத்துக்கள் சில மெதுவாக இறங்கிவருகின்றன. கேட்ட ஒலிக்குரிய எழுத்தைத் தொடவேண்டும். சரியாகத் தொட்டால் அடுத்த ஒலி வரும்; தவறினால் சரியான எழுத்தைச் செயலியே காட்டி, மறுபடி கேட்டு, தொட வாய்ப்பளிக்கும். எழுத்துக்களிலிருந்து அசைகளுக்கும், அசைகளிலிருந்து சொற்களுக்கும் படிப்படியாக ஏறும். எத்தனை எழுத்துக்களை ஒரே சமயத்தில் இறக்குவது, எந்த இரண்டு எழுத்துக்களை எதிரெதிரே நிறுத்துவது என்பதையெல்லாம் அந்தந்தக் குழந்தையின் விடைகளைக் கொண்டு செயலி தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 80 சதவிகிதம் சரியாக வரும் அளவில் கஷ்டத்தை நிறுத்திவைப்பது அதன் நோக்கம். வகுப்பில் எழுந்து நின்று படித்த ஒவ்வொரு தடவையும் தோற்ற குழந்தை, பத்தில் எட்டுத் தடவை ஜயிக்கிறது. ஆனாலும் மீதி இரண்டு தடவை தவறுகிறது. தவறுகிற இடத்தில்தான் கல்வி நடக்கிறது. இந்தக் கணக்கில் நிறைந்திருக்கும் கருணையை நான் எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

2010-இல் ஸூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், படிக்கத் தெரியாத மழலையர் பள்ளிக் குழந்தைகள் எட்டு வாரங்களில் மொத்தம் நான்கு மணிக்கும் குறைவான நேரம் இதை விளையாடியபின், மூளையின் இடப்புறத்துப் பின்பகுதியில், பிற்காலத்தில் எழுத்தை அடையாளம் காணும் வேலையை மேற்கொள்ளப்போகும் இடம் அச்செழுத்தைக் கண்டு விழித்துக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். இதைக் கேட்ட மாத்திரத்தில் செயலியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படியன்று என்று 2020-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு காட்டிற்று. பல நாடுகளில் இவ்விளையாட்டைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சொற்களைப் படிக்கும் திறனில் சராசரிப் பலன் ஏதுமில்லை. பெரியவர் ஒருவர் அருகிலிருந்து உற்சாகமூட்டியும் விளக்கியும் ஈடுபட்ட இடங்களிலோ, பலன் நன்றாகவே தெரிந்தது. ஸாம்பியா நாட்டில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியில் இவ்விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தபோதும், ஆசிரியரும் மாணவரும் இருவருமே அதில் பயின்ற வகுப்புகளில்தான் முன்னேற்றம் மிகுந்திருந்தது.

ஆகவே, செயலியை வடிவமைப்பவர்கள் குழந்தைக்கு மட்டுமன்றி, அருகில் அமரப்போகும் தாய்க்கும் தந்தைக்கும் உபாத்தியாயருக்கும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். இன்றைக்கு எந்த இரண்டு ஒலிகள் குழம்பின, நாளைக்கு எந்தச் சொல்லை வைத்து விளையாடலாம் என்பதைப் பெரியவருக்கு நாலு வரியில் எளிய பாஷையில் சொல்லும் ஒரு பக்கம், நூறு நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் விட மேலானது. கடிகாரம் ஓடிக்கொண்டே பயமுறுத்தும் விளையாட்டுகளையும், மற்றக் குழந்தைகளின் மதிப்பெண்களோடு வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல்களையும் இச்செயலிகளிலிருந்து அறவே நீக்கிவிட வேண்டும். அவமானத்திலிருந்து தப்புவதற்காகத்தான் குழந்தை இந்தச் செயலியிடம் வருகிறது. இங்கேயும் அவமானம் காத்திருக்கலாகாது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் தாவரங்கள் உணவு தயாரிப்பதைப் பற்றிய பாடம் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் சக்தி குழந்தைக்கு இருக்கிறது. ஆனால் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் களைத்துவிடுகிறது. இங்கே பாடத்தைக் குரலாக மாற்றிக் கேட்கச் செய்வதும், ஒலிக்கும் சொல்லைத் திரையில் அதே க்ஷணத்தில் ஒளியிட்டுக் காட்டுவதும் பெரிய உபகாரம். கண்பார்வையற்றவர்களுக்கென்று தொடங்கிய ‘டெய்ஸி’ பேசும் புத்தக முறை இவர்களுக்கும் பயன்படுவது இதனால்தான். கேட்டுப் படிப்பது சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்ற அச்சம் பெற்றோர் பலரிடம் இருக்கிறது. படிக்கும் பயிற்சி தனியே நடந்துகொண்டிருக்குமானால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. சொல்வளமும் விஷய ஞானமும் குன்றிப்போய்விட்டால், பின்னர் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகும் படிப்பதற்குப் பொருள் இராது.

சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும், பேச இயலாத குழந்தைகளுக்கான செயலியால் பெயர்பெற்ற அவாஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய வாசிப்புச் செயலி, இவ்விரண்டு கரைகளுக்கும் இடையே ஒரு நல்ல வழியைக் கண்டிருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்தால் அது திரையில் வாசிக்கத்தக்கதாக வரும். படிக்கும் பகுதியைத் தவிர மற்றதை மங்கச் செய்துகொள்ளலாம். தடுமாறும் சொல்லைத் தொட்டால் அதன் அசைகளைப் பிரித்துக் காட்டும், அல்லது அதே ஓசையில் முடியும் பழகிய சொல்லைக் காட்டும், அல்லது ஒரு சித்திரத்தைக் காட்டும். முழு விடையையும் கொடுத்துவிடாமல், குழந்தை தானே எட்டக்கூடிய தூரம் வரை கைபிடித்து அழைத்துச் செல்வது விசேஷ ஆசிரியர்கள் வகுப்பறையில் அன்றாடம் செய்யும் காரியம். அவர்களுடைய அனுபவம் செயலிக்குள் இறங்கியிருப்பது எனக்குப் பெரிய சந்தோஷத்தைத் தருகிறது.

தமிழ் படிக்கும் குழந்தைக்கு இவ்வளவு தூரம் சிந்தித்துச் செய்தது அதிகம் இல்லை. பின்லாந்தின் விளையாட்டை அப்படியே தமிழில் பெயர்த்துவிடவும் முடியாது. அங்கே இருபத்து சொச்சம் எழுத்துக்கள். ஒன்றுக்கு ஒரே ஒலி. இங்கே உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. அகரவரிசை மனப்பாடமாகிவிட்டபோதிலும், கூ, நூ, பூ, மூ என்று ஊகார வரிசையில் ஒவ்வொன்றும் வேறு வேறு வளைவாக நிற்பதைத் தனித்தனியே கண் பழகியாக வேண்டும். ககரம் ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘தங்கம்’ என்பதில் வேறு விதமாகவும், ‘அகம்’ என்பதில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது; சொல்லில் எங்கே நிற்கிறதென்பதைக் கொண்டு ஒலியை அறிவது நமக்கு இயல்பாகிவிட்டதால், அது ஒரு பாடம் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. தனி எழுத்தாக நிறுத்தி ‘இதன் ஒலி என்ன’ என்று கேட்கும் விளையாட்டு, இந்த இடத்தில் குழந்தையை ஏமாற்றிவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நகரமும் னகரமும், ரகரமும் றகரமும் இன்று பலருடைய பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன; லகர ளகர ழகரங்களும் பல வட்டாரங்களில் கலந்துவிட்டன. காதில் கேட்டு எழுத்தைத் தொடு என்ற முறையில் ‘ர’வையும் ‘ற’வையும் எதிரெதிரே நிறுத்தினால், டிஸ்லெக்ஸியா இல்லாத குழந்தையும் குருட்டாம்போக்கில்தான் தொடும். இத்தகைய எழுத்துக்களைப் ‘பறவை’, ‘மரம்’ என்று முழுச் சொல்லாக, பொருளும் படமும் துணை நிற்கக் காட்டிப் பழக்க வேண்டும். ஒலியால் பிரியும் ஜோடிகளை முதலிலும், எழுத்தால் மட்டும் பிரியும் ஜோடிகளைப் பின்னாலும் வைப்பது தமிழ்ச் செயலிக்கு அடிப்படை விதியாக இருக்கவேண்டும் என்பேன். எரி என்பதும் ஏரி என்பதும், கொடி என்பதும் கோடி என்பதும் செவிக்குத் தெளிவாகவே வேறுபடுகின்றன. கண்ணுக்கோ ஒரு சிறு கோடும் ஒரு சுழியுமே வித்தியாசம். வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவில் பிரித்துக் காட்டிய உபகாரம் இக்குழந்தைகளுக்குப் பயன்படவேண்டுமானால், அந்தக் கோட்டையும் சுழியையும் செயலி பெரிதாக்கி, நெடிலின் ஒலி நீளும்போதே ஒளிரச் செய்யலாம்.

ஒற்றைக்கொம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால் நாவில் ககரம் முதலிலும் எகரம் பின்னாலும் வருகின்றன. ‘கொ’ என்பதில் முன்னே கொம்பும் பின்னே துணைக்காலுமாக உயிர்க்குறி ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கிறது. எழுத்துக்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டப் பழகும் குழந்தைக்கு இது உண்மையான இடறல். ஐரோப்பிய பாஷைகளுக்கென்று எழுதப்பட்ட நிரல்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்தும்போது இந்த இடறல் இன்னும் பெரிதாகிறது. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது ககரமும் ஒரு குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. இடைவெளியைக் கூட்டும்போதோ வர்ணம் தீட்டும்போதோ நிரல் அந்த இரண்டையும் தனித்தனி எழுத்தென்று எண்ணிப் பிரித்துவிட்டால், கொம்பு ஓரிடத்திலும் துணைக்கால் ஓரிடத்திலும் புள்ளிவட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். ஸோர்ஸி கண்ட அனுகூலமான இடைவெளி இங்கே இடைஞ்சலாகவே முடியும். முழு உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொண்டு, அலகுகளுக்கிடையே மட்டும் இடம் விடும்படி நிரலை எழுதுவது கடினமான காரியமன்று. கவனித்துச் செய்யவேண்டிய காரியம்.

நீண்ட சொற்கள் மற்றொரு சங்கடம். ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல் கைப்பேசியின் வரி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதைத் திரையின் அகலத்துக்கேற்பக் கண்ட இடத்தில் வெட்டாமல், ‘விளையாடி, கொண்டிருந்தவர்களுக்கு, எல்லாம்’ என்று பொருள் பிரியும் மூட்டுக்களில் பிரித்துக் காட்டவும், குழந்தை விரும்பும்போது மறுபடி சேர்த்துக் காட்டவும் வகை செய்ய வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமும் அப்படியே. ‘வந்துவிட்டான்’ என்று எழுதியிருப்பதைக் குழந்தை ‘வந்துட்டான்’ என்று படித்தால், அது பொருளை உணர்ந்து படித்திருக்கிறதென்றே அர்த்தம். குழந்தையின் குரலைக் கேட்டு மதிப்பிடும் செயலி அதைப் பிழையென்று சிவப்பில் காட்டுமானால், படிப்பில் தேறிவரும் ஒரு குழந்தையை அது பின்னுக்குத் தள்ளிவிடும். திருநெல்வேலிக் குழந்தையும் கோயமுத்தூர்க் குழந்தையும் யாழ்ப்பாணத்துக் குழந்தையும் தத்தம் உச்சரிப்பில் படிப்பதை ஏற்றுக்கொள்ளும் விதமாகவே அது பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதல் மூலதனம் குரல். இயந்திரக் குரல் கதை சொல்லப் போதும். ஒலியைக் கற்பிக்கப் போதாது. ‘க்’ என்பதை ‘இக்’ என்று சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். ஆனால் ‘பக்கம்’ என்ற சொல்லைக் கூட்டும் குழந்தை ‘ப, இக், க, இம்’ என்று நான்கையும் சொல்லிவிட்டு, அவற்றைச் சேர்த்தால் ஏன் ‘பக்கம்’ வரவில்லை என்று திகைத்து நிற்கிறது. மெய்யெழுத்தைத் தனியே நிறுத்தாமல் ‘பக்’, ‘கம்’ என்று முன்னெழுத்தோடு சேர்த்து ஒலிக்கும் நல்லாசிரியர் ஒருவரைக் கொண்டு, அமைதியான அறையில், தமிழில் வரும் அசைகளையெல்லாம் நிதானமாகப் பதிவு செய்து, அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தால், அதன்மேல் செயலி கட்ட நம்முடைய கல்லூரிப் பிள்ளைகளே முன்வருவார்கள்.